யானைக் கதை படித்த ராணியம்மா

சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்து ராணியம்மா வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

அவித்த கடலை. மறியல்காரர்கள் கொடுத்தது. ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, தோலைப் பட்டுப்புடவை மடியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்பது ஆண்கள். பாதிப் பேர் கையில் கோடரி. வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இந்த அம்மாளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நசுங்கிய புளியிலையின் புளிப்பு வாசனை சாலை முழுக்க அடித்தது. மரத்திலிருந்து விழுந்த சிவப்பு எறும்புகள் என் செருப்பில் ஏறிக்கொண்டிருந்தன. ராணியம்மாவின் மேல் ஒன்றுகூட ஏறவில்லை.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கேப்பா" என்றார் அவர்.

நாற்பது பேரில் ஒருவர் உப்பு தேடி ஓடினார்.

மறியல் நாளைக்குத்தான்

மலைப் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் படித்த வாசகர் ஒருவர், 'ஓராசிரியர் பள்ளி என்றால் தலைமையாசிரியரும் நீங்களேதானா?' என்று கேட்டிருக்கிறார். ஆமாம். தலைமையாசிரியர், உதவியாசிரியர், மணி அடிப்பவர், மழைக்கு ஒழுகும் இடத்தில் குடம் வைப்பவர் எல்லாம் நான்தான். விடுப்பு வேண்டுமென்றால் விண்ணப்பத்தை நானே எழுதி, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று கீழே நானே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவேன். ஒரு தடவை எனக்கு நானே பரிந்துரைக்காமலும் இருந்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் இருந்தது அந்தச் சிற்றூர். பள்ளிக்கு ஓர் அறை. பக்கத்தில் சுவர் மட்டும் எழும்பிக் கூரையில்லாமல் நின்ற இன்னோர் அறை. கூரை இல்லாததால் அதில் சுரைக்கொடி நன்றாகப் படர்ந்திருந்தது.

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. வட மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியாது. வீட்டைவிட்டுக் கிளம்பினால் கையில் இரண்டு வேளைச் சோறு இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வி அதிகாரி ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் ஒரு சங்கம், மலைப் பள்ளி ஒன்றுக்கு இரண்டு அலமாரி நிறையக் கதைப் புத்தகங்களும், இரண்டாவது அறைக்குக் கூரையும் கொடுக்கப்போகிறது. சங்கத்தின் தலைவி ஒரு பழைய சமஸ்தானத்து ராணி. அவர் நேரில் வந்து பிள்ளைகளைப் பார்த்து, முதல் கதையைத் தாமே படித்துக் காட்டுவார். அவர் திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் கிடைக்கும்.

"வராம போயிட்டா?" என்று கேட்டேன்.

"வராம போயிட்டா அலமாரி கீழ வேற ஸ்கூலுக்குப் போயிடும். நீதாம்மா ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிக்கினு போவணும்."

"மறியல்னு சொல்றாங்களே சார்?"

"அது நாளன்னைக்கு. ராணியம்மா வர்றது நாளைக்கு. நான் எல்லாம் விசாரிச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தமக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக்கொண்டார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சமஸ்தானத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரப் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கட்டும்.

மஞ்சள் பலகை

சின்னசேலம் ஸ்டேஷனில் காலை ரயிலிலிருந்து ராணியம்மா இறங்கினார். நான் கிரீடத்தை எதிர்பார்க்கவில்லை என்றாலும், குறைந்தது நாலு பேரையாவது எதிர்பார்த்தேன். அவர் தனியாக வந்தார். கூட வந்த காரியதரிசி வயிற்றுக் கடுப்பென்று சேலத்திலேயே படுத்துவிட்டாராம்.

எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். உருவத்தில் என் தோள் உயரம்தான். ஜரிகை மங்கிய அரக்குப் பட்டு, கையில் கறுப்புக் குடை, மூக்கின் மேல் தங்கச் சங்கிலி போட்ட கண்ணாடி. பின்னால் போர்ட்டர் தூக்கி வந்த மரப்பெட்டியில் புத்தகங்கள்.

"இது என்ன ஊரும்மா?" என்றார்.

எங்களுக்கு நேர் எதிரே மஞ்சள் பலகையில் என் உயரத்துக்கு 'சின்னசேலம்' என்று எழுதியிருந்தது.

"சின்னசேலங்க."

"பலகையைப் பார்க்கலாம்னா, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன்."

கண்ணாடி மூக்கில் இருந்தது. பெரிய இடத்து மனிதர்களுக்கு ஊர்ப் பெயர் படிக்க வேறு கண்ணாடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை எடுத்துக்கொள்ள ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். ராணியம்மா அதை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்தைச் சுழித்துப் போட்டார். அதுவும் ராஜ வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே ஜமால் பாய் வேனோடு காத்திருந்தார். கள்ளக்குறிச்சியில் சிலேட்டு, நோட்டு வியாபாரம். மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் விற்ற சிலேட்டில்தான் 'அ' எழுதினார்கள். ராணியைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டு, சீட்டைத் தன் தோள் துண்டால் மூன்று தடவை துடைத்தார்.

"வழில இன்னாவது தொந்தரவு இருக்குமா பாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இருக்காது டீச்சரம்மா. மறியல் நாளைக்குத்தானே."

கச்சிராயபாளையம் சாலையில் கால் மணி நேரம் போனோம். ஒரு திருப்பத்தில் ஜமால் பாய் பிரேக்கை மிதித்த மிதியில் சிலேட்டுக் கட்டு ஒன்று என் மடியில் வந்து விழுந்தது. எதிரே புளியமரம் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஜனங்கள்.

"இன்னிக்கே ஆரம்பிச்சிட்டானுங்களா?" என்றார் ஜமால் பாய். ரயில் சீக்கிரம் வந்துவிட்டதே என்று குறைப்படுகிற குரல்.

யானையின் கோரிக்கை

அந்த இடத்து மறியலுக்குத் தலைவர் ஏழுமலை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்பிங் லோயர் பாஸ். இவை இரண்டையும் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார். வேலை கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லாமல் கையில் கோடரி இருந்தது.

"வண்டி போவாதுங்க. கலெக்டர் வந்தாலும் போவாது."

"இவங்க ராணிங்க" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ராணிங்களா?" ஏழுமலை இடுப்பில் கைவைத்தார். "அப்ப இவங்களுக்கு இன்னாங்க கவலை? பொறக்கும்போதே எடம் ஒதுக்கிட்டுத்தான் பொறந்திருக்காங்க!"

கூட்டம் சிரித்தது. ஜமால் பாய் வேனுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். ராணியம்மா கதவைத் திறந்து தாமே இறங்கினார்.

"ஒதுக்கினாங்கப்பா. சமையற்கட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம். ஒன்பது வயசுல கல்யாணம் பண்ணிக் கொண்டுவந்து அங்கே உட்கார வச்சாங்க. ஜன்னல் கிடையாது. உனக்கு வேணுமா அந்த இடம்?"

ஏழுமலையின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. யாரோ ஒருவர் சாய்ந்த மரத்தைத் துண்டால் தட்டிவிட்டார். ராணியம்மா அதன் மேல் உட்கார்ந்தார். கடலை வந்தது. உப்பும் வந்தது. இந்த அத்தியாயத்தை நான் ஆரம்பித்த இடம் இதுதான்.

கடலை முடிந்ததும் கூட்டத்தைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்ததும் ராணியம்மாவின் முகமே மாறியது. மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அட்டையில் யானைப் படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் பக்கத்தைத் திறந்தார்.

"ஒரு ஊர்ல ஒரு யானை" என்று படித்தார்.

நான் கேட்ட கதைகளிலேயே அதைப்போல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணத்துக்காக அம்பாரியில் ஏற்றி அரண்மனைக்குக் கொண்டுபோகிறார்கள். வாசல்வரை வந்த யானை, உள்ளே போகமாட்டேன் என்று ராஜவீதியின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. பாகன் கெஞ்சுகிறான். மந்திரி மிரட்டுகிறார். வைத்தியர் வந்து யானையின் நாக்கைப் பார்க்கிறார். கரும்பு கொண்டுவந்து போடுகிறார்கள். கரும்பைத் தின்றுவிட்டு யானை மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறது. மந்திரிக்கு ஒரு குரல், வைத்தியருக்கு ஒரு குரல், யானைக்குத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு.

"யானையும் ரோடு மறியல் பண்ணுதுடா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"அதுக்கு இன்னா கோரிக்கைங்க?" என்று கேட்டார் ஏழுமலை. உண்மையாகவே கேட்டார்.

ராணியம்மா புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைப் பார்த்தார். "கோரிக்கை இருந்தது. அது என்னன்னு யாருமே கேட்கலை. அதனாலதான் உட்கார்ந்துச்சு."

அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

டிராக்டர் ராஜ்யம்

வேன் போகாது, ஆனால் ராணியம்மா போகலாம் என்று முடிவாயிற்று. மரத்துக்கு அந்தப்பக்கம் ஏழுமலையின் மாமா டிராக்டர் நின்றது. மலைவரை இன்னும் பல இடத்தில் மறியல் இருக்கும், தான் கூட வந்தால்தான் வழி கிடைக்கும் என்று ஏழுமலையே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பக்கத்து வீட்டிலிருந்து மர நாற்காலி ஒன்று வந்து, புத்தகப் பெட்டியோடு டிரெய்லரில் ஏறியது. நாற்பது பேரும் சேர்ந்து ராணியம்மாவை அதில் ஏற்றினார்கள். ஜமால் பாய் மட்டும் வேனை விட்டு வர மறுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அவர்தான் அந்த மறியலுக்கு டீ விநியோகம் பார்த்தாராம்.

நான் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், ஏழுமலை என் பக்கம் குனிந்து சன்னமாகச் சொன்னார்:

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா படிச்ச கதை அந்த புக்குல இல்லீங்களே."

"என்ன சொல்றீங்க?"

"பின்னாடிதானே நின்னுக்கினு இருந்தேன். 'யானை கீரை தின்னும். நாமும் கீரை தின்ன வேண்டும்'னு போட்டிருக்குது. அரண்மனையும் இல்ல, ராஜாவும் இல்ல."

எனக்கு மஞ்சள் பலகை ஞாபகம் வந்தது. மூக்கின் மேல் இருந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. சுழித்துப் போட்ட ஒற்றை எழுத்து ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் சங்கத்தின் தலைவி, குடையைப் பிடித்துக்கொண்டு டிரெய்லரில் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தார். வழியில் நின்றவர்களுக்குக் கும்பிடு போட்டபடி.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் எதுக்குங்க சொல்றேன்? எனக்கு அந்தக் கதைதான் பிடிச்சிது."

ஏழுமலையைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் வேறொருத்தியை நினைத்துத்தான்.

வெள்ளச்சி

வெள்ளச்சி நான்காம் வகுப்பு. ஒன்பது வயது. மலையிலேயே முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவள் கண்ணில் படுகிற எதையும் சத்தமாகப் படிக்காமல் விட்டதில்லை. உரச்சாக்கு, தீப்பெட்டி, வடை சுற்றி வந்த காகிதம். படிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. தப்புக் கண்டுபிடிப்பாள்.

அதற்கு முந்தின வருஷம் ஆய்வுக்கு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் போர்டில் 'கறும்பலகை' என்று எழுதிவிட்டார். வல்லினம். வெள்ளச்சி எழுந்து நின்று, "சார், நம்ம பலகைக்குச் சின்ன ர தான் சார்" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் ஆய்வறிக்கையில் 'மாணவர்களிடம் பணிவு போதாது' என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது.

இந்தப் பிள்ளைக்கு முன்னால் இந்த அம்மாள் புத்தகத்தைத் திறக்கப்போகிறார். அலமாரியும் கூரையும் கீழே போய்விட்டதாகவே எனக்குத் தோன்றியது. அதைவிட, எழுபது வயசுக்காரர் பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் வைத்த எண்ணெய் நெற்றிவரை இறங்கியிருந்தது. கையிலிருந்த காட்டுப் பூவெல்லாம் வாடித் தொங்கியது. பின்னால் அப்பா அம்மாக்கள், சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"வெள்ளச்சி, தோரணத்து மாவிலைய ஆடு தின்னுக்கினு இருக்குது பாரு. நீ வெளிய நின்னு காவல் பாரு" என்றேன்.

"எம்மாம் நேரம் டீச்சரு?"

"கதை முடியற வரைக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இந்த வயதிலும் என்னால் நேராகப் பார்க்க முடியாது. ஆனாலும் போனாள்.

அத்துல அப்டி இல்லியே

"ஒரு ஊர்ல ஒரு யானை" என்று ராணியம்மா ஆரம்பித்தார். பிள்ளைகள் அசையவில்லை. யானை உட்கார்ந்தது. மந்திரி மிரட்டினார். பின்னாலிருந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்து வந்தார்கள். ஏழுமலை கதவருகில் நின்று, அடுத்து வருவது என்ன என்று தெரிந்த பெருமையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் நாக்கைப் பார்க்கும் நேரத்தில் ஆடு ஒன்று உள்ளே புகுந்தது. அதன் பின்னால் வெள்ளச்சி. ஆடு ராணியம்மாவின் நாற்காலிக்கடியில் போய் நின்றது. அதன் காதைப் பிடிக்கக் குனிந்த வெள்ளச்சி, நிமிரும்போது திறந்த பக்கத்துக்கு நேரே நிமிர்ந்தாள். ஆட்டை விட்டுவிட்டாள்.

"ராணிம்மா, அத்துல அப்டி போடலியே."

"வெள்ளச்சி! ஆட்டைப் பாரு!"

"ஆடு இங்கதான் இருக்குது டீச்சரு. 'யானை தினமும் குளிக்கும்'னு போட்டிருக்குது. வைத்தியரே இல்ல."

"அது பழைய அச்சு பாப்பா" என்று ஏழுமலை கதவருகிலிருந்து பாய்ந்தார். "புது அச்சுல வைத்தியர் இருக்காரு."

"புக்கு ஒண்ணுதானேண்ணா இருக்குது?"

அறையில் ஆடு மாவிலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ராணியம்மாவின் விரல்கள் கண்ணாடிச் சங்கிலியைத் தேடின. 'கண்ணாடி மறந்துட்டேன்' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

சொல்லிவிட்டு, கண்ணாடிச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"அரண்மனையில வாத்தியார் வருவார். பையன்களுக்கு மட்டும். எங்க ராஜா போனதுக்கப்புறம் சங்கத்துக்குத் தலைவியா இருங்கன்னு வந்து கேட்டாங்க. படிக்கத் தெரியுமான்னு யாரும் கேட்கலை. நானும் சொல்லலை. பிள்ளைங்களுக்குக் கதை சொல்லலாமேன்னு ஆசை." குரல் சற்றே இறங்கியது. "படத்தைப் பார்த்துச் சொல்லிடுவேன். இத்தனை வருஷத்துல நீதான் கண்டுபிடிச்சே."

பின்னாலிருந்து வெள்ளச்சியின் அம்மா, "அதுக்கின்னாங்க? எனக்குந்தான் தெரியாது" என்றாள். "எனக்கும்" என்று இன்னொருத்தி. "எங்க வூட்ல யாருக்குமே தெரியாதுங்க" என்று மூன்றாவது. சிரிப்பு ஒன்று பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் பரவியது. ராணியம்மாவும் சிரித்துவிட்டார். கண் மட்டும் ஈரமாக இருந்தது.

புத்தகத்தை வெள்ளச்சியிடம் நீட்டினார். "நீ படி. இதுல என்னதான் எழுதியிருக்குன்னு நானும் கேட்கறேன்."

வெள்ளச்சி முதுகை நிமிர்த்திக்கொண்டு கணீரென்று படித்தாள்: "யானை தினமும் குளிக்கும். நாமும் தினமும் குளிக்க வேண்டும். யானை கீரை தின்னும். நாமும் கீரை தின்ன வேண்டும். யானை வரிசையாகப் போகும். நாமும் வரிசையாகப் போக வேண்டும். முற்றும்."

ராணியம்மா அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அம்மாந்தான்."

"பாகன்?"

"இல்ல."

"அடக் கடவுளே! இந்தக் குப்பையையா நான் ஊர் ஊரா தூக்கிட்டு அலைஞ்சேன்?" என்று ராணியம்மா நாற்காலியின் கையில் ஓங்கி அடித்தார். ஆடு வெளியே ஓடியது. "என் கதை எவ்வளவோ மேல்!"

"ஆமா" என்றாள் வெள்ளச்சி. தீர்ப்புச் சொல்கிற மாதிரி. "நீ சொன்னதே சொல்லு. அந்தப் பொண்ணு எறங்கிச்சா, இல்லியா?"

மட்டை பிடித்த வகுப்பு

அன்று ராணியம்மா இறங்கிப் போக முடியவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாலைகள் அடைபட்டுவிட்டன. பள்ளிக்குப் பக்கத்தில் என் ஒற்றை அறையில் தங்கினார். கேழ்வரகுக் களி சாப்பிட்டார். மூன்றாம் நாள் கீரை வைத்தபோது, "யானை தின்னும்" என்று சொல்லித் தட்டை ஒதுக்கினார்.

வந்த மறுநாள் காலையிலேயே பெட்டியிலிருந்த மற்ற புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, "இதுலெல்லாம் என்ன அநியாயம் எழுதி வச்சிருக்கானுங்களோ, எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். நான் சிலேட்டை எடுப்பதற்குள் வெள்ளச்சி எடுத்துவிட்டாள்.

அவள் பாடம் நடத்தியதைப் பார்த்துத்தான் நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப் போலவே தொண்டையைச் செருமினாள். என்னைப் போலவே, "எங்க பார்க்கற? பலகைய பாரு" என்றாள். என்னைப் போலவே தென்னை மட்டைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். ராணியம்மாவுக்கு 'ஆ' வந்துவிட்டது. 'இ' இரண்டு நாள் சண்டை போட்டது. வெள்ளச்சியின் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் சாமைக் கட்டைப் போட்டுவிட்டு வந்து, ராணியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 'இ'யில் எல்லோரும் ஒன்றாகத்தான் விழுந்தார்கள்.

கடைசி நாள் ஏழுமலை டிராக்டரோடு வந்தார். ஒரே வாரத்தில் முகம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. அவர் ஊர்ப் பையன்கள் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் சாவு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

"உனக்கு ஒரு வேலைக்கு யார்கிட்டயாவது நான் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டார் ராணியம்மா.

ஏழுமலை டிராக்டர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "வேணாங்கம்மா. உங்க சொல்லுல எனக்கு ஒருத்தனுக்குக் கிடைக்கும். அதுக்காவா இத்தினி பேரு ரோட்டுல உக்காந்தோம்?"

ராணியம்மா கைகூப்பினார். வழியெல்லாம் ஊருக்குக் கும்பிட்ட கும்பிடு வேறு, இது வேறு. சில வருஷம் கழித்து ஏழுமலைக்குச் சர்வே ஆபீசில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். யார் சொல்லியும் இல்லை.

கிளம்பும் முன் சங்கத்துப் பதிவேட்டை நீட்டினேன். ராணியம்மா பேனாவைத் திறந்து, அந்த இங்கிலீஷ் எழுத்தைச் சுழிக்கப் போய் நிறுத்தினார். பிறகு தமிழில், ஒவ்வொரு எழுத்துக்கும் வெள்ளச்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தம் பெயரை எழுதி முடித்தார். அதற்குள் டிராக்டர் எஞ்சினை ஏழுமலை இரண்டு தடவை அணைத்து, மறுபடி கிளப்ப வேண்டியிருந்தது.

அஞ்சலட்டை

அலமாரிகள் வந்தன. கூரையும் வந்தது. சுரைக்கொடியைப் பிடுங்கும்போது மட்டும் பிள்ளைகள் அழுதார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வெள்ளச்சி பெயருக்கு அஞ்சலட்டை ஒன்று வந்தது. எங்கள் ஊருக்கு ஒரு பிள்ளையின் பெயரில் வந்த முதல் தபால். ஊருக்குப் போயும் ராணியம்மா சிலேட்டை விடவில்லை போலிருக்கிறது. எழுத்துகள் மலை ஏறுவதுபோல மேல்நோக்கிப் போயிருந்தன.

'வெள்ளச்சிக்கு. நான் சுகம். கால் வழி. யானைப் புத்தகத்தைக் காரியதரிசிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் தினமும் குளிக்கட்டும்.'

வெள்ளச்சி மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். அப்புறம் என் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'வழி'யை அடித்து 'வலி' என்று மேலே எழுதினாள். ஓரத்தில் பத்துக்கு ஏழு என்று போட்டாள். கீழே, 'பிழையைப் பத்து தடவை எழுதவும்' என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.

"திருப்பி அனுப்பு டீச்சரு."

"வேணாம்டி. அவங்க ராணி."

"திருத்துன நோட்டைத் திருப்பித் தரலன்னா எப்டி கத்துக்குவாங்க?"

கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் மலை ஏறி வரும் நாளெல்லாம், கல்வி அதிகாரியிடமிருந்து எனக்கு ஓலை வந்துவிட்டதென்றே நினைப்பேன்.

மூன்றாம் வாரம் வந்தது. இன்னோர் அஞ்சலட்டை. அதில் கடிதம் இல்லை. வலி, வலி, வலி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. இந்தத் தடவை வரி கோணவில்லை.

பிள்ளைகளிடம் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெள்ளச்சி அட்டையை வாங்கி, மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"ஒம்பதுதான் இருக்குது டீச்சரு" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.